குறுக்குப்பிடி: கிற்றார் பயிலும் பிள்ளைகள் தடுக்கி நிற்கும் படி



நோர்வே நாட்டிலே ஒவ்வொரு நகராட்சியும் தனித்தோ அயல் நகராட்சிகளுடன் இணைந்தோ பிள்ளைகளுக்கு இசையும் ஏனைய கலைகளும் கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்துதல் வேண்டும் என்பது 1997 ஆம் ஆண்டு முதல் சட்டமாகும். 'குல்தூர்ஸ்கூல' என நாம் வழங்கும் அப்பள்ளிகளில் நம் பிள்ளைகளும் சேர்ந்து பயில்கின்றனர். வயலின், பியானோ என்பவற்றோடு கிற்றாரை விரும்பித் தெரிந்தெடுப்போரும் உளர். வார நாள்களிலே நோர்வேஜியப் பள்ளி, ஒரு மாலைப்பொழுதிலே கிற்றார், சனிக்கிழமையிலே தமிழ்ப் பள்ளி என்று முதுகிலே கருவியையும் புத்தகப் பையையும் சுமந்து திரியும் இச்சிறுவர்களின் ஊக்கம் பாராட்டுதற்குரியது.

எனினும், இவர்களுள் ஒரு பகுதியினர் முதலாம் ஆண்டின் முடிவிலோ இரண்டாம் ஆண்டின் நடுவிலோ அக்கருவியைக் கைவிட்டு விடுவதை நான் பல முறை கண்டுள்ளேன். காரணம் வினவினால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "எஃப் எனக்கு வராது, சேர்." பெற்றோரும் அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்கின்றனர். "மாஸ்டர், பிள்ளைக்கு விரல் பலம் காணாது போல கிடக்கு, வேற ஏதும் பழக விடுவமோ?" என்று கேட்கும் தாய்மாரும் உண்டு.

பிள்ளைக்கு வராத அந்த 'எஃப்' என்பது யாது? அது ஏன் கடினமாயிருக்கிறது? அதனைக் கடப்பதற்கு வழி என்ன? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நான் இசையாசிரியன் அல்லன். ஊரிலே கணிதம் கற்பித்தவன். இந்நாட்டுக்கு வந்து, அகதி முகாமின் பொது அறையிலே முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், அங்கே கிடந்த ஒரு பழைய கிற்றாரைத் தொடத் தொடங்கினேன். பின்னர் மாலை வகுப்பொன்றிலே முறையாகப் பயின்றேன். ஆகவே, கேத்திரகணிதத் தேற்றமொன்றை விளக்குவது போலவே இதனையும் விளக்க முயல்கிறேன்.

சுரக்கூட்டும் பிடியும்

கிற்றாருக்கு ஆறு தந்திகள். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை அவற்றின் சுரங்கள் முறையே ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என்பனவாம். ஆங்கில நூல்களில் 'பீ' எனப்படும் சுரத்தை நோர்வேயிலும் ஜேர்மனியிலும் 'எச்' என்னும் எழுத்தால் குறிப்பது வழக்கம்; நோர்வேஜிய மொழியில் அதனை 'ஹோ' என உச்சரிப்பர். நாட்டுக்கு நாடு பெயர் மாறினும் சுரம் ஒன்றே. தந்திகளை எண்ணும்போது மெல்லியது முதலாவது, தடித்தது ஆறாவது எனக் கொள்ளுதல் மரபு.

கழுத்தின் குறுக்கே பதிக்கப்பட்டுள்ள உலோகக் கம்பிகளே மெட்டுகள். நமது வீணையிலும் மெட்டுகள் உண்டு. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் அமைக்கப்படும். கிற்றாரின் மெட்டுகள் மரத்திலே பதிக்கப்படும். இரண்டிலும் தத்துவம் ஒன்றே: மெட்டுக்கு அண்மையில் தந்தியை அழுத்தினால் அதன் அதிரும் நீளம் குறைகிறது, நீளம் குறையவே சுரம் உயர்கிறது.

நமது இசையிலே ஒரு சுரத்தைத் தொடர்ந்து மற்றொரு சுரம் வருகிறது. மேலைநாட்டிசையோ அதனோடு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களை ஒருங்கே ஒலிக்கவும் செய்கிறது. அதனையே 'கோட்' என்கிறார்கள். நாம் இதனைச் சுரக்கூட்டு எனலாம். சுரக்கூட்டுக்காகக் கிற்றாரின் கழுத்திலே விரல்களை வைக்கும் வடிவத்தை நோர்வேஜிய மொழியில் 'கிறேப்' என்பர். அச்சொல்லின் பொருள் பிடி என்பதாகும். நமது இசைவாணர்களும் ஓர் இராகத்தின் சிறப்பான சுரத்தொடரைப் 'பிடி' என வழங்குவர். பொருள் வேறாயினும், கையாற் பற்றும் சொல்லையே இரு மொழியாரும் இசைக்குக் கொண்டமை நோக்கத்தக்கது.

தொடக்கத்தில் பிள்ளைகள் கற்பவை திறந்த பிடிகளாகும். இரண்டு அல்லது மூன்று தந்திகளை விரல்நுனியால் அழுத்தி, ஏனைய தந்திகளைத் தொடாது ஒலிக்க விடுவதே திறந்த பிடி. ஈ, ஏ, டீ, ஜீ, ஸீ என்னும் சுரக்கூட்டுகளை இவ்வாறு எளிதிற் பிடிக்கலாம். சில மாதங்களுக்குள் பிள்ளை நாலைந்து பாடல்களை வாசித்து வீட்டாரை மகிழ்விக்கும். அதன் பின்னரே எஃப் வருகிறது.

சுட்டுவிரல் ஒரு பாலமாகிறது

கழுத்தின் தலைப்பக்கத்திலே, எலும்பாலோ பிளாஸ்ரிக்காலோ ஆன சிறிய பாலமொன்று உண்டு. திறந்த தந்திகள் அதன் பள்ளங்களில் தங்கியே ஒலிக்கின்றன. இப்பொழுது ஈ சுரக்கூட்டின் திறந்த பிடியை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று தந்திகள் அழுத்தப்படுகின்றன. மூன்று தந்திகள் அந்தப் பாலத்திலிருந்து நேரே ஒலிக்கின்றன. அப்பாலத்தையே பெயர்த்து ஒரு மெட்டு முன்னே வைத்து, மூன்று விரல்களையும் அவ்வாறே ஒரு மெட்டு முன்னே நகர்த்தினால் என்ன நிகழும்? ஆறு சுரங்களும் சமமாக ஒரு படி உயரும். ஈ என்பது எஃப் ஆகும்.

பாலத்தைப் பெயர்க்க இயலாது. ஆனால், சுட்டுவிரலைக் குறுக்கே கிடத்தி ஆறு தந்திகளையும் ஒருங்கே அழுத்தினால், அவ்விரலே பாலத்தின் வேலையைச் செய்யும். இதுவே குறுக்குப்பிடி. பிரெஞ்சு மொழியில் 'பாரே' என்பர். குறுக்குச் சட்டமிடப்பட்டது என்பது பொருள். நம் பிள்ளைகள் 'பாரே கோட்' என்று சொல்வது இதனையே. இஸ்பானிய மொழியில் இதற்கு 'செஹா' என்று பெயர். அச்சொல் புருவத்தையும் குறிக்கும். கழுத்தின்மேற் படிந்து கிடக்கும் விரல் புருவம் போலத் தோற்றுவதை எண்ணிப் பாருங்கள்.

இதன் பயன் யாதென்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சப்தகத்திலே பன்னிரண்டு அரைச்சுரப் படிகள் உள. ஈ வடிவத்தைக் குறுக்குப்பிடியாக்கி முதலாம் மெட்டில் வைத்தால் எஃப், மூன்றாம் மெட்டில் ஜீ, ஐந்தாம் மெட்டில் ஏ, எட்டாம் மெட்டில் ஸீ, பத்தாம் மெட்டில் டீ. கை வடிவம் மாறுவதில்லை. இடம் மட்டுமே மாறுகிறது. ஆகவே, ஒரு வடிவத்தைக் கற்றவர் பன்னிரண்டு சுரக்கூட்டுகளைக் கற்றவராகிறார். ஈ வடிவத்திலே நடுவிரலை எடுத்துவிட்டால் அதுவே 'மைனர்' ஆகும். இவ்வாறு சிறு மாற்றங்களுடன் நான்கு வடிவங்களை அறிந்தால் 4 × 12 = 48 சுரக்கூட்டுகள் கைவசமாகும். இவற்றைத் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை. பெருக்கல் வாய்பாட்டை அறிந்தவர் ஒவ்வொரு கணக்கையும் மனனம் செய்யாதது போன்றதே இது.

நாலரைக் கட்டையிலே பாடுவோர்க்கு

"திறந்த பிடிகளே போதுமே, இத்தொல்லை எதற்கு?" என்று சிலர் வினவக்கூடும். நமது மேடையிலிருந்தே இதற்கு விடை கூறலாம்.

நம்மவர்கள் சுருதியைக் 'கட்டை'யால் அளவிடுகின்றனர். ஒரு கட்டை என்பது ஸீ, இரண்டு கட்டை டீ, மூன்று கட்டை ஈ, நான்கு கட்டை எஃப், ஐந்து கட்டை ஜீ. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டைகளிலும், பெண்களும் பிள்ளைகளும் நாலரை, ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டைகளிலும் பாடுவர். நம் பள்ளிச் சிறுமியொருத்தி நாலரைக் கட்டையிலே ஒரு பாடலைப் பாடும்போது, கிற்றாரிலே துணை செய்பவர் அதற்குரிய எஃப் சார்ப் சுரக்கூட்டைத் திறந்த பிடியாகப் பிடிக்க இயலாது. கீபோட் வாசிப்பவர் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை மாற்றிக்கொள்வார். கிற்றார் வாசிப்பவர் தம் கையைத்தான் நகர்த்த வேண்டும். பாடுவோரின் குரலுக்குக் கருவி இணங்க வேண்டுமேயன்றி, கருவிக்காகக் குரலை இறக்கவும் ஏற்றவும் கூடாது.

'காப்போ' என்னும் கவ்வியை மாட்டி வாசிக்கலாமே என்பர். வாசிக்கலாம், அதில் இழிவேதும் இல்லை. இஸ்பானியாவின் பிளமெங்கோ கலைஞர்கள் அதனைத் தாராளமாகப் பயன்படுத்துவர். ஆயினும், காப்போ பாட்டின் நடுவே தானாக நகராது. ஸீ சுருதியிலமைந்த எளிய பாடலிலும் எஃப் குறுக்கிடும். டீ சுருதியிலே பீ மைனரும் எஃப் சார்ப் மைனரும் வரும். எனவே, குறுக்குப்பிடியைச் சுற்றிக் கொண்டு நெடுந்தூரம் செல்ல இயலாது. ஒரு நாள் அதனூடாகவே செல்ல வேண்டும்.

கடினம் எங்கே உள்ளது?

கடினத்துக்குக் காரணம் பிள்ளையின் விரலில் வலிமை இன்மையே எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையிற் காரணங்கள் மூன்று. மூன்றும் வேறு.

முதலாவது, இடம். வீட்டு முற்றத்திலே இரு கம்பங்களுக்கிடையே உடுப்புக் காயவிடும் கொடியை இழுத்துக் கட்டியிருப்போம். கொடியின் நடுப்பகுதியை ஒரு விரலால் அழுத்தித் தாழ்த்தலாம். கம்பத்துக்கு அருகே அதே அளவு தாழ்த்தக் கையின் முழுப் பலமும் வேண்டும். கிற்றாரின் தந்தியும் அத்தகையதே. அன்ரோனியோ டி தொறெஸ் என்னும் இஸ்பானியக் கைவினைஞரின் (1817–1892) காலத்திலிருந்து செந்நெறிக் கிற்றாரின் தந்தி நீளம் ஏறத்தாழ 650 மில்லிமீற்றர் என நிலைபெற்றது. அத்தகைய கருவியில் பாலத்துக்கும் முதலாம் மெட்டுக்கும் இடையே உள்ள தூரம் 36.5 மில்லிமீற்றர் மட்டுமே. ஐந்தாம் மெட்டோ 163 மில்லிமீற்றர் தொலைவில் உள்ளது. ஆதலால், முதலாம் மெட்டிலே தந்தி அதிகம் எதிர்க்கும். ஐந்தாம் மெட்டிலே இணங்கும். விரல்களை விரிக்க வேண்டிய அளவும் வேறுபடும். முதலாம் மெட்டிலிருந்து மூன்றாம் மெட்டு வரை 67 மில்லிமீற்றர். ஐந்தாம் மெட்டிலிருந்து ஏழாம் மெட்டு வரை 53 மில்லிமீற்றர். எஃப் என்னும் முதற் குறுக்குப்பிடி அமைவதோ மிகக் கடினமான முதலாம் மெட்டிலேதான். மலையேறக் கற்பவனைச் செங்குத்தான பாறையிலே தொடங்கச் சொல்வது போன்றது இது.

இரண்டாவது, விரலின் அமைப்பு. சுட்டுவிரல் மட்டமான சட்டம் அன்று. அதன் உட்பக்கத்திலே தசை மேடுகளும், மூட்டுகளில் மடிப்புப் பள்ளங்களும் உள. மடிப்பின் கீழே அகப்படும் தந்தி சரிவர அழுந்தாது. மீட்டினால் 'டக்' என்று ஒலி இறந்துவிடும்.

மூன்றாவது, பலத்தைச் செலவிடும் முறை. ஒலி வராதபோது பிள்ளை என்ன செய்கிறது? பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கழுத்தை இடுக்கி போல நெரிக்கிறது. அவ்விரு விரல்களுக்கு இடையேயுள்ள தசை சிறியது. ஒரு நிமிடத்திலே களைத்து விடும். வலிக்கிறதே என்று பிள்ளை கருவியைக் கீழே வைத்து விடுகிறது.

இங்கே பெரும்பாலானோர் கவனியாத ஒன்றைக் கூற விரும்புகிறேன். எஃப் பிடியிலே மூன்றாம் தந்தியை நடுவிரல் அழுத்துகிறது. நான்காம் தந்தியைச் சுண்டுவிரல் அழுத்துகிறது. ஐந்தாம் தந்தியை மோதிர விரல் அழுத்துகிறது. அவ்வாறாயின், சுட்டுவிரல் உண்மையில் ஒலிப்பிக்க வேண்டிய தந்திகள் எத்தனை? ஆறாவது, இரண்டாவது, முதலாவது ஆகிய மூன்று மட்டுமே! விரலின் நுனி ஆறாம் தந்தியையும், அடிப்பகுதி முதலிரு தந்திகளையும் அழுத்தினால் போதுமானது, நடுப்பகுதி தளர்ந்திருக்கலாம். ஆறு தந்திகளையும் இரும்புச் சட்டம் போல அழுத்த முயலும் பிள்ளை, தேவையில்லாத இடத்திலே தன் பலத்தில் பாதியைச் செலவிடுகிறது. குறுக்குப்பிடி கைவருதல் என்பது பெரும்பாலும் எங்கே அழுத்த வேண்டியதில்லை என்பதை விரல் அறிந்துகொள்ளுதலேயாகும்.

முதலிற் கருவியைப் பாருங்கள்

இப்பகுதி சிறப்பாகப் பெற்றோருக்குரியது. நம்மிற் பலர் இந்நாட்டிலே வெறுங்கையோடு வாழ்வைத் தொடங்கியவர்கள். பிள்ளைக்கு முதற் கிற்றார் பழைய பொருள் விற்கும் கடையிலோ, தெரிந்தவர் வீட்டிலோ வாங்கப்பட்டதாயிருக்கும். அதிற் குறையில்லை. ஆனால், சரியாகத் திருத்தப்படாத கருவியிலே குறுக்குப்பிடி பெரியவர்களுக்கும் வராது. பிள்ளைக்கு ஞானம் இல்லை எனத் தீர்ப்புக் கூறுமுன் பின்வரும் சோதனைகளைச் செய்து பாருங்கள்.

ஒன்று: ஒரு தந்தியை மூன்றாம் மெட்டுக்கு அருகே அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலாம் மெட்டுக்கு மேலே அத்தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது எனப் பாருங்கள். ஒரு மயிரிழை அளவு இடைவெளியே இருத்தல் வேண்டும். தெளிவான பெரிய இடைவெளி தெரிந்தால், தலைப்பக்கப் பாலத்தின் பள்ளங்கள் உயரமாக உள்ளன என்பது பொருள்.

இரண்டு: பன்னிரண்டாம் மெட்டிலே தந்திக்கும் மெட்டுக்கும் இடையேயுள்ள உயரத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். நைலோன் தந்திக் கிற்றாரில் ஆறாம் தந்திக்கு 4 மில்லிமீற்றர், முதலாம் தந்திக்கு 3 மில்லிமீற்றர் அளவிலே இருப்பது நன்று. உருக்குத் தந்திக் கிற்றாரில் இதனினும் குறைவாக, 2 முதல் 2.5 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும்.

மூன்று: தந்தியின் இழுவை. உருக்குத் தந்திக் கிற்றாரில் ஆறு தந்திகளின் மொத்த இழுவை ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்குச் சமம். நைலோன் தந்திகளில் அது ஏறத்தாழ 40 கிலோகிராம். சிறுவர்கள் நைலோன் தந்தியிலே தொடங்குவதன் காரணம் இதுவே. வயதுக்கேற்ற சிறிய அளவுக் கிற்றார்களும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையின் மடியில் முழு அளவுக் கருவியை வைத்துவிட்டு, கை எட்டவில்லையே என வருந்துதல் முறையன்று.

பாலத்தையும் தந்தி உயரத்தையும் திருத்துதல் கருவி திருத்துநர் ஒருவருக்குச் சிறு வேலையே. கருவிக் கடையில் வினவுங்கள். புதிய கருவி வாங்கும் செலவிலே சிறு பங்குகூட அதற்கு ஆகாது.

கைவரும் வழி

மாணவர்களே, இனி உங்களுக்கு. கருவியைச் சுருதி சேர்த்த பின்னர் கீழ்வரும் ஒழுங்கிலே பயிலுங்கள். ஒரு படி கைவருமுன் அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

முதற்படி: ஈ சுரக்கூட்டின் திறந்த பிடியைச் சுட்டுவிரல் இல்லாமலே பிடித்துப் பழகுங்கள். மூன்றாம் தந்தியில் நடுவிரல், ஐந்தாம் தந்தியில் மோதிர விரல், நான்காம் தந்தியில் சுண்டுவிரல். கண்ணால் பாராமலே இவ்வடிவம் அமைய வேண்டும்.

இரண்டாம் படி: ஐந்தாம் மெட்டுக்குச் செல்லுங்கள். சுட்டுவிரலால் முதலிரு தந்திகளை மட்டும் அழுத்தி, ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். விரலை மெட்டுக்கு ஒட்டினாற்போல வையுங்கள். மெட்டின்மேல் ஏற வேண்டாம். தசைப்பக்கம் படியாமல், விரலைப் பெருவிரலின் பக்கமாகச் சற்றே உருட்டி, எலும்பு தெரியும் ஓரத்தால் அழுத்துங்கள். பின்னர் ஆறு தந்திகளுக்கும் நீட்டுங்கள். ஒரு தந்தி ஒலி இறந்தால் மேலும் நெரிக்க வேண்டாம். விரலை இரண்டு மூன்று மில்லிமீற்றர் மேலோ கீழோ நகர்த்துங்கள். மடிப்பிலிருந்து தந்தி விலகியவுடன் ஒலி பிறக்கும்.

மூன்றாம் படி: பெருவிரல் கழுத்தின் பின்புறத்திலே, ஏறத்தாழ சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் எதிரே இருக்கட்டும். இப்பொழுது ஒரு சோதனை. பெருவிரலைக் கழுத்திலிருந்து முற்றாக எடுத்துவிட்டு, வலது முழங்கையால் கருவியின் உடலை மெல்ல அணைத்துக்கொண்டு, இடது கையின் பாரத்தால் தந்திகளைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பெருவிரல் இல்லாமலே ஒலி வருவதைக் கண்டு வியப்பீர்கள். அழுத்தம் பிறக்க வேண்டியது தோளும் முழங்கையும் சேர்ந்த கையின் பாரத்திலிருந்து. பெருவிரல் துணை மட்டுமே.

நான்காம் படி: ஐந்தாம் மெட்டிலே முழு வடிவத்தையும் சேருங்கள். சுட்டுவிரல் ஐந்தில், நடுவிரல் மூன்றாம் தந்தி ஆறாம் மெட்டில், மோதிர விரல் ஐந்தாம் தந்தி ஏழாம் மெட்டில், சுண்டுவிரல் நான்காம் தந்தி ஏழாம் மெட்டில். இது ஏ சுரக்கூட்டு. நான்கு எண்ணும் வரை அழுத்துங்கள். வடிவம் கலையாமல் நான்கு எண்ணும் வரை தளர்த்துங்கள். தளர்த்துதலும் பயிற்சியே.

ஐந்தாம் படி: ஏ தெளிவாக ஒலித்த பின்னர் நான்காம் மெட்டுக்கு இறங்குங்கள். சில நாள்கள் கழித்து மூன்றாம் மெட்டு. பின் இரண்டாம் மெட்டு. இறுதியாகவே முதலாம் மெட்டு. எஃப் பிடியை இவ்வாறு மேலிருந்து இறங்கி வந்து அடையுங்கள்.

ஆறாம் படி: ஸீ பிடியிலிருந்து எஃப் பிடிக்கு மாறுதல். இங்கே ஒரு நற்செய்தி. இரு பிடிகளிலும் மோதிர விரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் மெட்டிலேயே நிற்கிறது! அதனைத் தூக்க வேண்டியதில்லை. அவ்விரலை ஊன்றுகோலாகக் கொண்டு ஏனைய விரல்கள் மட்டும் நகரட்டும். தாளத்தை மிக மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப்பிடி கைவரும் வரை பாடலை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். சிறிய எஃப் என்றொரு பிடி உண்டு. சுட்டுவிரலால் முதலிரு தந்திகளை முதலாம் மெட்டிலும், நடுவிரலால் மூன்றாம் தந்தியை இரண்டாம் மெட்டிலும், மோதிர விரலால் நான்காம் தந்தியை மூன்றாம் மெட்டிலும் பிடித்து, இந்நான்கு தந்திகளை மட்டும் மீட்டுங்கள். அதுவும் எஃப் சுரக்கூட்டே.

காலமும் வலியும்

நாளொன்றுக்குப் பத்து நிமிடம் குறுக்குப்பிடிக்கென ஒதுக்கினால் போதுமானது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றரை மணி நேரம் நெரிப்பதால் வருவது வலி மட்டுமே. சிலருக்குச் சில வாரங்களிலும், சிலருக்குச் சில மாதங்களிலும் இது கைவரும். விரல் தோல் நோவது இயல்பு. அது நாளடைவில் தடித்துப் பழகும். ஆனால், மணிக்கட்டிலோ பெருவிரலின் அடியிலோ வலி எழுந்தாலும், விரல் மரத்துப் போனாலும் உடனே நிறுத்தி ஓய்வு கொடுங்கள்; தொடர்ந்தால் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் சொல்லுங்கள். பொறுமை வேறு, வலியைப் பொறுத்தல் வேறு.

விரல் வலிமையே யாவும் என எண்ணுவோர் ஜாங்கோ றைன்ஹாட் என்பவரின் வரலாற்றை அறிதல் நன்று. 1910 இல் பெல்ஜியத்திலே பிறந்த இவர் நாடோடி மக்களாகிய றோமா இனத்தவர். 1928 இல் அவர் வாழ்ந்த வண்டியிலே தீப்பற்றியது. இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் வெந்து வளைந்து போயின. இனி வாசிக்க இயலாது எனப் பிறர் எண்ணிய நிலையிலே, அவர் எஞ்சிய இரு விரல்களுக்கேற்பத் தம் வாசிப்பு முறையையே புதிதாக அமைத்துக்கொண்டார். 1934 இல் பாரிஸ் நகரிலே வயலின் கலைஞர் ஸ்ரெபான் கிறாப்பெல்லியுடன் அவர் சேர்ந்தமைத்த இசைக்குழு உலகப் புகழ் பெற்றது. 1953 இல் அவர் மறைந்தார். இன்றும் ஐந்து விரலுடையோர் அவர் வாசிப்பைப் பின்பற்ற முயன்று கொண்டிருக்கின்றனர்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

கிற்றார் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. எழுபதுகளில் இலங்கையிலே ஏ. ஈ. மனோகரன் போன்றோர் பாடிய பொப்பிசைப் பாடல்களில் நம் தாய் தந்தையர் அதன் ஒலியைக் கேட்டு மகிழ்ந்தனர். எனினும், பயிலும் முறையைப் பெற்றோராகிய நம்மிற் பலர் அறியோம். அதனால், பிள்ளை ஒரே பிடியை வாரக்கணக்கில் முயன்று, அது 'டக், டக்' என்று ஒலிக்கும்போது நமக்குச் சலிப்பு உண்டாகிறது. இரவு வேலை முடித்து வந்து உறங்குபவருக்கு அவ்வொலி இனிமையாயிராது என்பதையும் அறிவேன். ஆயினும், அந்த வாரங்களே பிள்ளை நமது சொல்லைக் கூர்ந்து கேட்கும் வாரங்களாகும். "உனக்கு வராட்டி விடு" என்று அன்பினாலே சொல்லப்படும் சொல்லும், அப்பிள்ளையின் காதிலே தீர்ப்பாகவே விழுகிறது.

'எனக்கு வராது' என்பது ஒரு பாடத்தோடு நிற்கும் வாசகம் அன்று. கிற்றாரில் அதனைச் சொல்லித் தப்பிய பிள்ளை, அடுத்த ஆண்டு கணிதத்திலும் அதனைச் சொல்லும். நமது தமிழ்ப் பள்ளியிலும் இதனைக் காண்கிறோம். எழுத்துகளையும் சிறு சொற்களையும் மகிழ்ச்சியோடு கற்ற பிள்ளைகள், புணர்ச்சி விதிகள் வரும் வகுப்பிலே தயங்கி நிற்கின்றனர். அங்கும் ஒரு விதியைக் கற்றால் நூறு சொற்களுக்கு அது பொருந்தும். அங்கும் விதி கைவருமுன் சில வாரங்கள் இருள் போலத் தோன்றும். அவ்வேளையில் பள்ளியை விட்டு நின்றவர்களுக்கு, அந்த இருளுக்கு அப்பால் வழி எவ்வளவு எளிது என்பது தெரியாமலே போய்விடுகிறது.

எனவே, உங்கள் பிள்ளை 'எஃப் வராது' என்று கூறும் நாளிலே மூன்று வினாக்களை எழுப்புங்கள். கருவி சரியாக உள்ளதா? ஐந்தாம் மெட்டிலே தொடங்கினாயா? எத்தனை வாரம் முயன்றாய்? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே, தொடர்வதா விடுவதா என முடிவு செய்யுங்கள். அதன் பின்னும் பிள்ளை வேறொரு கலையை விரும்புமாயின், அது தோல்வி ஆகாது. தெரிந்து செய்த தெரிவு ஆகும்.

நம் ஆண்டு விழா மேடையிலே பாடும் சிறுமியர்க்கு இதுவரை ஒலிப்பதிவு செய்த பின்னணி இசையே துணை செய்து வருகிறது. அது அவர்கள் மூச்சு வாங்க நிற்பதில்லை; அவர்கள் சொல் மறந்தால் காத்திருப்பதுமில்லை. அருகே அமர்ந்து, பாடுபவர் முகம் நோக்கி, நாலரைக் கட்டைக்குக் கையை நகர்த்தி, வேண்டிய இடத்திலே காத்திருந்து வாசிக்கும் ஒரு மாணவர் நமக்கு வேண்டும். இக்கட்டுரையைப் படிக்கும் உங்களுள் ஒருவர் இன்றைக்கே ஐந்தாம் மெட்டிலே சுட்டுவிரலை வைத்துத் தொடங்கினால், அடுத்த ஆண்டு விழாவுக்குக் காலம் போதுமானதாக இருக்கும். முயலுங்கள், கைவரும். வாழ்த்துகள்.